பெரியப்பாவின் நெஞ்சில் இத்தாலி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயம் பாதி புரிந்ததுமே அதற்கு முழு உத்தரவாதம் கொடுத்துவிடுவேன். சைக்கிள் கற்றுக்கொண்ட மறுநாளே தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வாய்க்காலில் இறக்கியவள் நான். அந்த மாதிரி சாதனைகள் எல்லாம் வீட்டோடு அமுங்கிப்போயின. 2006-ஆம் வருடம் ஜூலை பதினாலாம் தேதி புதுச்சேரிக் கடற்கரையில், கொன்சுல் முன்னிலையில் நான் செய்தது மட்டும் அமுங்கவில்லை. (பிரெஞ்சுத் தூதரக அதிகாரியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. உலகத்திலேயே அழகான வேலை என்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பஞ்சிலிருந்து நிறம் செய்வது என் வேலை.

மருந்துக்கடையில் காயத்துக்கு வைக்க வாங்குவோமே, அதே பஞ்சு. அதைக் கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் நார்கள் அறுந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊசிகள் மிஞ்சும். அந்த ஊசிகளைக் கழுவித் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் காய விட வேண்டும். தண்ணீர் குறையக் குறைய ஊசிகள் தாமாகவே அணிவகுக்கும். ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசை கொஞ்சம் திரும்பி நிற்கும், அதற்கு மேல் உள்ளது இன்னும் கொஞ்சம் திரும்பி நிற்கும், இப்படியே சுழல் படிக்கட்டு மாதிரி மேலே ஏறும். தண்ணீராக ஓடிக்கொண்டே படிகமாக ஒழுங்கு காக்கிற இந்த நிலைக்குத் திரவப் படிகம் என்று பெயர். முழுக்கக் காய்ந்ததும் அந்தப் படிக்கட்டு அப்படியே உறைந்து ஒரு மெல்லிய தாளாகிவிடும். அதைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்தால் மயில் கழுத்து தோற்கும். சாயம் ஒரு சொட்டுக் கிடையாது. படிக்கட்டு நெருக்கமாகச் சுற்றினால் நீலம், கொஞ்சம் தளர்ந்தால் பச்சை, நன்றாகத் தளர்ந்தால் சிவப்பு. அவ்வளவுதான் ரகசியம்.

என் முதல் நீலத் தாள் காய்ந்த அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்புறம் நீலத்துக்கு ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும், சிவப்புக்கு அதிக நேரம் காதுக்குக் கேட்காத மீயொலியில் அதிரவிட வேண்டும் என்று கைப்பக்குவம் பிடிபட்டது. ஒரே குறைதான் பாக்கி. காய்ந்த தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொஞ்சம் கிளிசரின் சேர்த்ததும் தாள் பட்டுத்துணி போல வளைந்தது. (சினிமாவில் அழுவதற்குக் கண்ணில் விடுவார்களே, அதேதான். என்னையும் அது ஏமாற்றவில்லை.)

எங்கள் வழிகாட்டி சார் அதிகம் பேசாதவர். வளைத்துக் காட்டியபோது சந்தோஷப்பட்டார், கூடவே ஒன்று சொன்னார்.

"நல்லா வந்துருக்கும்மா ரோசி. ஆனா ஏசி ரூமை விட்டு வெளிய எடுத்துட்டுப் போவாத. கிளிசரின் ஈரம் இழுக்கும். வெளிக்காத்துல என்னா ஆவும்னு நாம இன்னும் பாக்கல."

"சரி சார்" என்றேன். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்று பரீட்சையில் எழுதி ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். வாங்கியதோடு அதை மறந்தும் விட்டேன்.

அந்த மாதம்தான் பிரான்சிலிருந்து ஒரு பேராசிரியை வரப்போகிறார் என்று தெரிந்தது. தாவர நார்களில் பெரிய ஆள். எங்கள் துறையில் ஏழு மாணவர்களைப் பார்த்து, ஒருவரை மட்டும் ஆறு மாதம் தன் லேபுக்கு அழைத்துப் போவார். ஜூலை பதினாலு காலையில் கடற்கரை விழாவுக்கு விருந்தினராக வருவார், மத்தியானம் எங்கள் நேர்காணல், மறுநாள் விமானம். ஆளுக்குப் பத்து நிமிடம் தருவார்களாம். பத்து நிமிடத்தில் என் தாளின் அழகு எப்படித் தெரியும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அந்த ஆறு மாதம் எனக்கு வேண்டும் என்றால் அப்படி வேண்டும். பெட்டி கூடப் பார்த்து வைத்துவிட்டேன், சக்கரம் வைத்தது.

இந்த இடத்தில்தான் பெரியப்பா வருகிறார்.

அந்துவான் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவரும் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள், ஆனால் குடியுரிமையில் அவர் பிரெஞ்சுக்காரர், அப்பா இந்தியர். இதனால் வீட்டில் சண்டை வந்ததில்லை, உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் மாதம் தவிர. (அப்பா வேண்டுமென்றே எதிர்க்கட்சி.) ஒவ்வொரு ஜூலை பதினாலும் பெரியப்பா கம்பளிக் கோட்டு, வெள்ளைக் கையுறை, மெடல்கள் சகிதம் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் நிற்பார். நெஞ்சில் நீலம், வெள்ளை, சிவப்பு ரிப்பனில் ஒரு பேட்ஜ். அந்த ரிப்பன்தான் அவருடைய மனக்குறை. வெயில் பட்டுப் பட்டு நீலம் சாம்பலாகிவிட்டது. பக்கத்தில் நிற்கும் முசியே லெயோனுக்கு மட்டும் மகன் வருடா வருடம் பாரிசிலிருந்து புது ரிப்பன் அனுப்புவான். (எங்கள் ஊரில் ஐயாவுக்கு முசியே, அம்மாவுக்கு மதாம்.) அந்த வருடம் பெரியப்பாவை முதல் தடவையாக முன்வரிசையில், கொன்சுல் கைகுலுக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

போதாததற்கு விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பெனால்ட்டியில் பிரான்சை இத்தாலி தோற்கடித்தது. குருசுக்குப்பத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் டிவி மேல் துணி போர்த்தியிருந்தது. பெரியம்மா குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாளா சரியாவே சாப்புடலடி. இத்தாலின்னு வாயத் தொறந்துடாத" என்றார்.

அவரைத் தேற்றத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"பெரியப்பா, உங்களுக்கு நான் ஒரு பேட்ஜ் செஞ்சு தரேன். சாயமே இல்லாத நீலம், சாயமே இல்லாத சிவப்பு. லெயோன் முசியே ரிப்பன்லாம் பக்கத்துல நிக்க முடியாது."

"வெளுக்குமா?"

"சாயம் இருந்தாதான வெளுக்கும்? இது நூறு வருஷம் ஆனாலும் நிறம் மாறாது பெரியப்பா. நான் கேரண்ட்டி."

அந்த ஆட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. என் கணக்கு வேறு. அவர் முன்வரிசையில் நிற்பார், அந்தப் பேராசிரியை எதிரே உட்கார்ந்திருப்பார், மத்தியான நேர்காணலுக்கு முன்பே என் தாள் அவர் கண்ணில் பட்டுவிடும். பெரியப்பாவின் நெஞ்சை நான் என் விளம்பரப் பலகையாக ஆக்கிக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பேட்ஜை ஏசி அறையிலேயே செய்தேன். கறுப்பு அட்டையில் இடது பக்கம் நீலத் தாள், நடுவில் சாதா வெள்ளைக் காகிதம், வலது பக்கம் ஆரஞ்சுச் சாயல் கொண்ட சிவப்புத் தாள். இன்னும் கொஞ்சம் ஆழமான சிவப்பாக இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன். (அந்த ஏக்கம் விழாவில் நிறைவேறியது.) சாருக்குத் தெரியாமல் அதை வெளியே எடுக்க ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அப்பா சேதராப்பட்டு மாத்திரைக் கம்பெனியில் சூப்பர்வைசர், மாத்திரை டப்பாக்களில் ஈரம் உறிஞ்சப் போடும் குட்டிப் பொட்டலங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அதில் இருபதை டிபன் பாக்ஸில் பரப்பி, நடுவில் பேட்ஜை வைத்து மூடினேன். ஈரம் ஆகாது என்று தெரிந்துதான் பொட்டலம் போட்டேன். திறந்தபிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜூலை பதினாலு காலை. கடலில் அலையே இல்லை. காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. கம்பளிக் கோட்டுக்குள் பெரியப்பா ஏற்கெனவே பாதி நனைந்திருந்தார். விழா தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டிபன் பாக்ஸைத் திறந்து பேட்ஜை எடுத்து அவர் நெஞ்சில் குத்தினேன். அந்த நீலம் இருக்கிறதே, சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முசியே லெயோன் தன் பாரிஸ் ரிப்பனை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இரண்டு நாட்டுப் பண்ணும் வாசித்தார்கள். அப்புறம் மௌன அஞ்சலி. எல்லோரும் தலை குனிந்து நிற்க, நான் மட்டும் தலையைத் தூக்கி என் நீலத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதன் ஓரத்தில் ஏதோ மாதிரி இருப்பது தெரிந்தது. கொஞ்சம் மயில்பச்சை. வெயில் படும் கோணம் என்று சொல்லிக்கொண்டேன். மயில்பச்சை உள்ளே வந்தது. ஓரத்தில் இலைப்பச்சை வந்தது. அந்த ஒரு நிமிட மௌனத்தில் எனக்கு வேதியியல் முழுவதும் ஞாபகம் வந்துவிட்டது. கிளிசரின் ஈரத்தை இழுக்கிறது. தாள் உப்புகிறது. படிக்கட்டு தளர்கிறது. தளர்ந்தால் நீலம் பச்சையாகும் என்று எனக்குத் தெரியாதா என்ன, அதைக் கண்டுபிடித்தவள் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தானே.

மௌனம் முடிந்தபோது நீலம் முழுப் பச்சை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சிவப்பும் தளர்ந்து, நான் ஏங்கிய அந்த ஆழமான சிவப்புக்கே போய்விட்டது. பச்சை, வெள்ளை, சிவப்பு. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று உடனே ஞாபகம் வந்தது, டிவியில் கோப்பையோடு ஆடியவர்கள் போர்த்திக்கொண்ட கொடி.

பெரியப்பா விறைப்பாக நின்றார். தன் நெஞ்சைத் தானே பார்க்க முடியாது. முசியே லெயோன் பார்த்துவிட்டார்.

"அந்துவான்" என்றார், உதடு அசையாமல். "அஞ்சு நாள்கூட ஆவல. அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?"

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டு இன்னும் நெஞ்சை நிமிர்த்தினார். இத்தாலி இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கொன்சுல் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். இன்னும் நான்கு பேர்தான். நான் பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தேன். கையில் துணி இல்லை, விசிறி இல்லை. சூடான காபியை ஆற்றுகிற மாதிரி அந்தப் பச்சைமேல் குனிந்து நீளமாக ஊதினேன். ஈரத்தால் கெட்டதை உலர்த்த, மனுஷ வாயிலிருந்து வரும் ஈரக்காற்று. ஓர் ஆராய்ச்சி மாணவி இதைச் செய்தாள் என்று எழுதவே கூசுகிறது. பச்சை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பானது. இப்போது சிவப்பு, வெள்ளை, சிவப்பு. (பிறகு அட்லஸில் பார்த்தோம். அது பெரு.)

"இன்னாடி பண்ற?" என்றார் பெரியப்பா, கண்ணை நேரே வைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்ல பெரியப்பா, தூசு."

கொன்சுல் வந்து நின்ற அதே நொடியில் என் மூச்சு ஆவியாகி, பெரு மறுபடி இத்தாலியானது. அவர் கையை நீட்டினார், பேட்ஜைப் பார்த்தார், கையைப் பாதியில் நிறுத்தினார். நல்ல மனிதர். இத்தாலியப் படையிலும் பணியாற்றியிருக்கிறீர்களா என்று மிக மரியாதையாகப் பிரெஞ்சில் கேட்டார்.

பெரியப்பா அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

அவர் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. வாங்கிய மெடல்களை எல்லாம் யாரோ ஒவ்வொன்றாகக் கழற்றுவது போல இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே கடலில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. அவர் திரும்பவும் நிமிர்ந்து கொன்சுலைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார், "இல்லை முசியே. இது என் தம்பி மகள் பஞ்சில் செய்தது."

அதற்குள் விருந்தினர் நாற்காலியிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எழுந்து வேகமாக வந்தது. பேராசிரியைதான். அவர் நான் ஊதியதைப் பார்த்திருக்கிறார்.

"இதில் என்ன சேர்த்தீர்கள்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"கிளிசரின், மதாம்."

அவர் பெரியப்பாவிடம் அனுமதி கேட்டார், குனிந்தார், மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவது போல 'ஹா' என்று ஊதினார். பச்சை சிவப்பானது. காத்திருந்தார், பச்சை திரும்பியது. குழந்தை மாதிரி கை தட்டினார். கொன்சுலுக்கும் ஆசை வந்துவிட்டது. அவரும் ஊதினார். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் சொல்தாக்கள் வரிசை கலைந்து ஒருவர்பின் ஒருவராக வந்து பெரியப்பாவின் நெஞ்சில் ஊதினார்கள். பெரியப்பா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, அந்தக் கையை இறக்காமல், கண்ணை நேரே வைத்து நின்றார். எட்டாவதாக முசியே லெயோன் வந்தார்.

"நானும் ஒரு வாட்டி" என்றார்.

"ஊது" என்றார் பெரியப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரான்சு என் கைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். மத்தியானம் நேர்காணலில் போய் உட்கார்ந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. சார் ஒரு மூலையில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஏசி அறையை விட்டு எது வெளியே போனது என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

மதாம் ஒரே கேள்விதான் கேட்டார். "காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தால் எந்த நிறம்? அளந்திருப்பீர்களே, காட்டுங்கள்."

நான் அளக்கவில்லை. ஒரே ஒரு தடவைகூட அளக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் ஒரு தாளை வைத்துப் பார்த்திருந்தால் போதும். அதைக்கூடச் செய்யவில்லை என்று சொன்னேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல கை உங்களுக்கு. அடுத்த முறை முதலில் ஊதிப் பாருங்கள், பிறகு குத்துங்கள்."

எங்கள் ஏழு பேரில் சுந்தரை எடுத்தார்கள். அவனுடைய தாள்கள் பூண்டுத் தோல் மாதிரி இருக்கும், எந்த நிறமும் வராது. ஆனால் ஏன் வரவில்லை என்பதற்கு நோட்டு நிறையக் கணக்கு வைத்திருந்தான், தினமும் அறையின் ஈரப்பதம் உட்பட. நியாயமான முடிவு. எனக்குத்தான் தாங்கவில்லை. லேபின் பின்பக்கம் போய் அழுதேன், கிளிசரின் இல்லாமலே.

சாயங்காலம் குருசுக்குப்பத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கடல்காற்று வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா பனியனோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிவி மேலிருந்த துணியைக் காணோம்.

"பெரியப்பா, உங்க மானத்த வாங்கிட்டேன்."

"ஆமா, வாங்கிட்ட" என்றார். ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "பதினஞ்சு வருஷமா அங்க போயி நிக்கிறேன். ஒருத்தன் எம்மூஞ்சப் பாத்ததில்ல. இன்னிக்கி லைன் கட்டி நின்னு பாத்தானுவோ. லெயோன் ரெண்டு வாட்டி ஊதுனான், தெரியுமா?"

"அந்த பேட்ஜ குடுங்க பெரியப்பா, நான் வேற நல்லதா செஞ்சு தரேன்."

"அதத் தர மாட்டேன்" என்றார். "உன் பிரான்சுப் பயணம்தான் என்னாச்சு?"

சொன்னேன். அவர் உள்ளே திரும்பிப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். இன்னொரு தட்டு எடுத்துவரச் சொன்னார்.

நான் மறுநாளே ஓர் ஈரமானி வாங்கினேன். அடுத்த ஒரு வருடம் எந்தத் தாளையும் ஊதாமல், நனைக்காமல், வேகவைக்காமல் விட்டதில்லை. என் ஆய்வேட்டில் நாற்பது பக்கம் ஈரத்தைப் பற்றித்தான். ஆனால் என்னைவிட அதிகமாக அந்தத் தாளை ஆராய்ந்தது பெரியம்மாதான். பெரியப்பா அதை ஷோகேசில் மெடல்களுக்கு நடுவில், கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்து மாட்டியிருந்தார். ஒரு வாரத்தில் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டார். மேற்கே இருந்து வறண்ட காற்று அடிக்கும் முற்பகலில் அது பிரான்சு. கடல்காற்று திரும்பினால் இத்தாலி. மழைக்கு முன்னால் இத்தாலியும் தாண்டி மஞ்சள் தட்டும். அதிலிருந்து அந்த வீட்டில் வானிலைச் செய்தி யாரும் கேட்பதில்லை.

"இத்தாலி ஆவுது, கொடியில இருக்குற துணிய எடு" என்பார் பெரியம்மா. "இன்னிக்கி நல்ல பிரான்சு, வடாம் புழிஞ்சுடலாம்." தெருவிலிருந்தும் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள், "மதாம், இன்னிக்கி எந்த ஊரு?" என் கல்யாணத் தேதி குறித்தபோதுகூட மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெரியப்பா, "ஐப்பசி வேணாம், முழுக்க இத்தாலி" என்று சொல்லிவிட, அவர்கள் பெண்ணுக்கு வெளிநாட்டில் வேறு சம்பந்தம் ஏதும் இருக்கிறதோ என்று விசாரித்தார்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பரீட்சையில் கொடிகளின் படம் போட்டு எதிரே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் விடைத்தாளை என் முன்னால் வைத்தார். இந்தியக் கொடிக்கு இந்தியா என்று சரியாக எழுதியிருந்தாள். பிரெஞ்சுக் கொடிக்கு எதிரே 'வடாம் போடலாம்' என்று இருந்தது. இத்தாலிக் கொடிக்கு எதிரே 'துணி எடுக்கணும்'.

டீச்சர் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டிருந்தார். பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அவர் விடைத்தாளை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார், ஷோகேசை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அந்த டீச்சரம்மாவ இங்க கூட்டிட்டு வா" என்றார். "ஒரு வாட்டி ஊதிப் பாக்கட்டும், அப்பறம் மார்க்கு போடட்டும்."